பப்பாளிக்காயில் ஏறிய நீர்

சென்ற மாதம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்த உயிரியல் ஆசிரியை அவள். பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டதாம். சவ்வூடு பரவலுக்கு அதில் அருமையான வீடியோ இருக்கிறதாம். நீல உருண்டைகள் வரிசையாக சவ்வைத் தாண்டிப் போகின்றன, பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள் என்றாள். கேட்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"மிஸ், இனிமே உருளைக்கெழங்கு, குண்டூசி, சக்கரத் தண்ணின்னு இழுத்துப் போட்டுக்கணுமா? வீடியோவயே போட்டு ரெக்கார்டு எழுத வெச்சிடவா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் மனம் புண்பட்டிருக்கும். என் வாய் அப்படிப்பட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசிக்க உட்கார்ந்தால் மற்ற வருஷங்களெல்லாம் ஒதுங்கிக்கொண்டு ஒரே ஒரு செய்முறைத் தேர்வு நாள்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதைச் சொன்னால்தான் என் பதில் அவளுக்குப் புரியும்.

நான் படித்த கதையை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சிங்கவரத்தில் பிறந்தேன். நைனா அடுத்தவர் நிலத்தில் கடலை பிடுங்கியவர். எனக்குத் தாவரவியல் கிடைத்தது நான் விரும்பி அல்ல, அந்தக் கல்லூரியில் அந்த இடம்தான் காலியாக இருந்தது. பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, பதிந்ததையே மறந்துபோன ஒரு நாளில் ஆர்டர் வந்தது. இரண்டு ஊர் சுற்றிவிட்டு செஞ்சிக்கு வெளியே கோட்டை மதில் தெரியும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வந்து சேர்ந்தேன். அங்கேயேதான் ஓய்வும் பெற்றேன்.

அந்தப் பள்ளி ஆய்வகத்தின் முதல் எதிரி குரங்கு. மலையிலிருந்து கூட்டமாக இறங்கி வரும். கண்ணாடி போன ஜன்னல் ஒன்று இருந்தது. அதன் வழியாக ஒன்று உள்ளே வந்தால் போதும், முளைகட்ட வைத்த கடலை போகும், சர்க்கரைக் கரைசல் போகும், தராசுத் தட்டுகூட ஒருமுறை போயிற்று. கண்ணாடி போடச் சொல்லி நான் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வந்தது: ஆவன செய்யப்படும். ஆகவே குரங்கு தின்னக்கூடிய எதையும் நான் ஆய்வகத்தில் வைப்பதில்லை. சத்துணவுக் கூடத்துக்கு இரும்பு வலைக் கதவு உண்டு. சாமான்களை அங்கே சமையல்காரர் கண்ணம்மாவிடம் கொடுத்து வைத்து, வேண்டும்போது வாங்கிக்கொள்வது வழக்கம். இந்த வழக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமையற்கூடம் எனக்கு இன்னொரு விதத்திலும் உதவியது. விரவல் பாடத்தை நான் எப்போதும் பதினொரு மணி சுமாருக்குத்தான் எடுப்பேன். கண்ணம்மா தாளிக்கும் நேரம் அது. பாடத்தைத் தொடங்காமல் சும்மா நிற்பேன். கொஞ்ச நேரத்தில் முதல் பெஞ்சில் ஒருத்தி மூக்கைச் சுருக்குவாள், பிறகு நடு பெஞ்சு, பிறகு கடைசி பெஞ்சு. "யாரு தூக்கிட்டு வந்து குடுத்தாங்க இந்த வாசனைய?" என்று கேட்பேன். யாரும் தூக்கி வரவில்லை, அதுவாக வந்தது. அதிகமாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்கு அதுவாகவே பரவும். அதுதான் விரவல் என்று சொல்லி முடித்துவிடலாம். அன்று பசி அதிகமாகும் என்பதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை.

சவ்வூடு பரவல் அவ்வளவு சுலபமாக வசப்படாது. நடுவே ஒரு சவ்வு இருக்கிறது. அது நீரை விடும், சர்க்கரையை விடாது. சர்க்கரை வர முடியாததால் நீர் அதை நோக்கிப் போகிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் தேர்வில் பாதிப் பிள்ளைகள் திசையைத் தலைகீழாக எழுதும். தளவானூரிலிருந்து வந்த ஒரு பெண்தான் எனக்கு வழி காட்டினாள். அவள் வீட்டு வயலில் மழை வரும் என்று நம்பி யூரியாவை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். மழை வரவில்லை, பயிர் கருகிவிட்டது. வேருக்கு வெளியே உப்பு அதிகமானால் உள்ளே இருக்கும் நீரை அது வெளியே இழுத்துவிடும் என்று நான் சொன்னதும், அவள் அப்படியே எழுந்து நின்றுவிட்டாள். "அதான் மிஸ் எங்க நைனா தண்ணி கட்டு, தண்ணி கட்டுன்னு ராத்திரியெல்லாம் கத்துச்சு" என்றாள். அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் நான் யூரியாவில்தான் தொடங்கினேன். விவசாயி வீட்டுப் பிள்ளை திசையை மறப்பதில்லை.

இனி உருளைக்கிழங்கு சோதனை. செய்து பார்க்காதவர்களுக்காக அதன் முறையைச் சொல்கிறேன். கெட்டியான கிழங்காக ஒன்று எடுத்துத் தோலைச் சீவ வேண்டும். அடிப்பாகத்தைத் தட்டையாக வெட்டினால்தான் ஆடாமல் நிற்கும். மேலே இருந்து கத்தி முனையால் குழி தோண்ட வேண்டும். குழி அடியைத் துளைத்துவிடக் கூடாது, சுவர் தடிமனாகவும் இருக்கக் கூடாது. அவசரக்காரிகள் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள். குழியில் பாதிக்குச் சர்க்கரைக் கரைசலை ஊற்றி, ஒரு சொட்டு சிவப்பு மை விட்டு, கரைசல் நிற்கும் மட்டத்தில் ஒரு குண்டூசியைக் குத்த வேண்டும். பிறகு கிழங்கைத் தட்டில் வைத்து, சுற்றிலும் நீர் ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். நேரம் போகப் போகச் சிவப்பு மட்டம் ஊசியைத் தாண்டி மேலே ஏறும். தட்டு நீர் கிழங்கின் உயிருள்ள செல்களைக் கடந்து உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். உயிருள்ள என்ற சொல்லுக்குக் கீழே கோடு போடச் சொல்வேன்.

அந்தச் சொல்தான் பத்மாவதியைப் பிடித்துக்கொண்டது.

பத்மாவதி மேல்சித்தாமூர்ப் பெண். அவள் அப்பா நெல், கடலை வியாபாரம் செய்யும் சமணர். இரண்டு பஸ் மாறி எங்கள் பள்ளிக்கு வருவாள். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். நர்சிங் படிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை. செய்முறை வகுப்பில் எல்லாரும் கிழங்கைச் சீவிக்கொண்டிருக்க, இவள் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கேட்டால், "வெட்ட மாட்டேன் மிஸ்" என்றாள். சமண வீடுகளில் கிழங்கு சமைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் எல்லாரும் ஒரே கறாராக இருப்பதில்லை. அவளுக்கு முன் அதே ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் பேசாமல் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவள் ஊரில் இருக்கும் சமண மடத்துக்குப் போய் தானாகவே ஒரு நோன்பு எடுத்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடிகிறவரை கிழங்கைத் தோண்டுவதில்லை, வெட்டுவதில்லை, தின்பதில்லை.

பிடிவாதத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். நன்றாகத் திட்டினேன். செய்முறையில் போனால் உயிரியலே போய்விடும், உயிரியல் போனால் நர்சிங்கை மறந்துவிட வேண்டியதுதான் என்றேன். தெரியும் என்பதுபோலத் தலையாட்டினாளே தவிர கத்தியைத் தொடவில்லை. அவள் அப்பாவை வரச் சொன்னேன். வெள்ளை வேட்டியில் சாந்தமான மனிதர் ஒருவர் வந்து, என்னைவிடச் சங்கடத்தோடு நின்றார்.

"நானே சொல்லிட்டேன் டீச்சர், பரிச்சைக்கு ஒரு நாள் வெட்டுனா ஒண்ணும் ஆயிடாதுன்னு. கேக்க மாட்டேன்றா. நா எடுத்த நோம்பா இருந்தா நா விட்டுடுவேன். அவ எடுத்தது, நா இன்னா பண்றது?"

அவர் போன பிறகு எனக்குத் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. ஆகவே வேலையைப் பார்த்தேன். சோதனைக்குத் தேவை கிழங்கு இல்லை, உயிருள்ள செல்கள்தான். அது காயிலும் உண்டு. முதலில் சுரைக்காயை வெட்டினோம். பஞ்சு மாதிரி கரைசலை உறிஞ்சிக்கொண்டு சொதசொதவென்று சாய்ந்துவிட்டது. வாழைக்காயில் குழி தோண்ட இடம் போதவில்லை. மூன்றாவதாகத்தான் சைக்கிள் ஷெட் ஓரத்தில் தானாக முளைத்து நின்ற பப்பாளி மரத்தைப் பார்த்தேன். பழுத்ததைக் குரங்கு விட்டுவைக்காது. காயை, பால் ஒட்டும் என்று தொடாது. சின்னக் காயாகப் பறித்து, குறுக்கே வெட்டி, பாலைக் கழுவி, பச்சைத் தோலைச் சீவி, உள்ளேயிருக்கும் வெள்ளை விதைகளை வழித்துப் போட்டால் கிண்ணம் தயாராகவே இருக்கிறது. கரைசலை ஊற்றி ஊசி குத்தி வைத்தோம். சிவப்பு ஏறியது. கிழங்கைவிட மெதுவாக, ஆனால் ஏறியது. பத்மாவதி சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் முறை.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். அந்த வருஷம் வந்தவரைப் பற்றி மாவட்டம் முழுக்கப் பேச்சு உண்டு. முழுக்கை வெள்ளைச் சட்டை. வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். தேர்வு முடிகிறவரை அந்தப் பள்ளியின் காபியைத் தொடமாட்டார். வாங்கிக் குடித்தால் கை தாராளமாகிவிடும் என்பது அவர் கொள்கை. குரலை உயர்த்த மாட்டார், யாரையும் அவமானப்படுத்த மாட்டார், ஒரு மார்க்கைச் சும்மா போடவும் மாட்டார். பக்கத்துப் பள்ளி ஆசிரியைகள் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

தேர்வுக்கு முந்தைய நாள் உருளைக்கிழங்கை நானே கடைத்தெருவில் பொறுக்கி எடுத்தேன். நோய் விழுந்தது, பச்சை பாரித்தது எல்லாவற்றையும் கழித்துவிட்டு, ஒரே அளவாக ஒரு பை. குரங்குக்குப் பயந்து வழக்கம்போல கண்ணம்மாவிடம் கொடுத்தேன். நாளைக்கு வேண்டும், பத்திரம் என்றேன். அவரும் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்றார்.

மறுநாள் காலை பிள்ளைகள் ஆய்வகத்தில் வரிசையாக நின்றார்கள். தேர்வாளர் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். அன்றைய பெரிய கேள்வி உருளைக்கிழங்கு சோதனைதான். நான் அவரிடம் தனியாகப் போய், ஒரு மாணவிக்கு மட்டும் பப்பாளிக்காயில் செய்ய அனுமதி வேண்டும் என்று காரணத்தோடு சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பத்மாவதியையும் அவள் முன்னால் ஒயர் கூடையில் இருந்த காய்களையும் பார்த்தார். பிறகு முடியாது என்று தலையை அசைத்தார். புத்தகத்தில் உருளைக்கிழங்கு என்றுதான் இருக்கிறது. ஒருத்திக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு ஒரு சட்டம் என்று வைக்க முடியாது. நாளை இன்னொரு பள்ளியில் இன்னொருவர் இன்னொன்றைக் கேட்பார் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நியாயமாகச் சொன்னார்.

பத்மாவதியிடம் போய்ச் சொன்னேன். அவள் கூடையை மெல்ல மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். படுபாவி, ஒரே ஒரு கிழங்கு, வெட்டித் தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

கிழங்கைக் கொண்டுவரச் சொல்லலாம் என்று வாசலுக்குப் போனபோதுதான் அந்த வாசனை வந்தது. கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாக, முதலில் லேசாக, பிறகு நன்றாக. அவித்த உருளைக்கிழங்கின் வாசனை. முன்வரிசையில் ஒருத்தி மூக்கைச் சுருக்கினாள். பிறகு நடுவரிசை. வருஷா வருஷம் நானே கற்றுக்கொடுத்த பாடம் என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. 

அன்று வெள்ளிக்கிழமை. சத்துணவில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு அவித்துப் போடுகிற நாள். நாளைக்கு வேண்டும் என்று ஒரு டீச்சர் ஒரு பை கிழங்கைக் கொண்டுவந்து கொடுத்தால் அவித்துத் தரச் சொல்கிறேன் என்றில்லாமல் கண்ணம்மா வேறு என்ன நினைப்பார்? நான் கூடத்துக்கு ஓடுவதற்குள் அவரே பெரிய தாம்பாளத்தில் எடுத்துக்கொண்டு எதிரே வந்தார். ஆவி பறக்கும் கிழங்குகள், பொறுக்கி எடுத்த என் கிழங்குகள், ஒரே அளவாக.

"நீங்க கஷ்டப்படக் கூடாதுன்னு உரிச்சே எடுத்தாந்துட்டேன் டீச்சர். கொழையாம பதமா வெந்திருக்குது" என்றார்.

 வெந்த கிழங்கில் செல்கள் செத்துவிடும். சவ்வு போய்விடும். நீர் ஏறாது. சத்துணவுக்கு வந்த கிழங்கும் அதே அண்டாவில் வெந்துவிட்டது. கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பி, வாங்கி வந்து, சீவி, தோண்டி, நீர் ஏறக் காத்திருப்பதற்குள் தேர்வாளர் அடுத்த பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிடும். ஒரு பெண்ணுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, இப்போது வகுப்பு முழுவதும் நடுத்தெருவில் நிற்பது போலாகிவிட்டது.

தாம்பாளத்தோடு தேர்வாளர் முன்னால் போய் நின்றேன். மறைக்க வழியில்லை, வாசனை எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அவர் ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேசைக்கு அடியில் இருந்த ஒயர் கூடையைப் பார்த்தார்.

"அந்தக் காய்ல ஏறும்னு சொன்னீங்க."

"ஏறும் சார்."

"இத்தன பேருக்குக் காய் இருக்கா?"

"மரம் பின்னாலயே இருக்குது சார்."

"ஏறலன்னா?"

"எம் பேர்ல எழுதிக்குங்க சார்" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

உடற்கல்வி ஆசிரியர் காய் பறிக்கும் துறட்டிக் கோலோடு ஓடினார். சைக்கிள் ஷெட் ஓரத்து மரம் கொஞ்ச நேரத்தில் மொட்டையாகிவிட்டது. பப்பாளியை வெட்டிப் பழகியவள் அந்த அறையில் பத்மாவதி ஒருத்திதான். தேர்வாளரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நான் அவளை முதலில் வெட்டச் சொன்னேன். மற்றவர்கள் பார்த்துச் செய்தார்கள். அவள் பாலைக் கழுவினாள், தோலைச் சீவினாள், சுவரை மெலிதாக வழித்தாள், ஊசியைக் குத்தினாள். தேர்வாளர் இன்னொரு காரியமும் செய்தார். தாம்பாளத்திலிருந்து அவித்த கிழங்கு ஒன்றை எடுத்து, தானே குழி தோண்டி, அதே சிவப்புக் கரைசலை ஊற்றி, ஊசி குத்தி, எல்லாருக்கும் தெரியும்படி முன் மேசையில் நீரில் வைத்தார்.

அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. வெளியே குரங்குகள் பழம் தேடி மொட்டை மரத்தைச் சுற்றி வந்து ஏமாந்துபோய்க் கத்திக்கொண்டிருந்தன. நான் ஒவ்வொரு ஊசியாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். சிவப்பு அசையவில்லை. காய் முற்றிவிட்டதோ, பாலைச் சரியாகக் கழுவவில்லையோ, அன்று ஏறியது தற்செயலோ என்று மனம் எங்கெங்கோ போயிற்று. நைனா கும்பிட்ட சாமியையெல்லாம் கூப்பிட்டேன். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

முதலில் மாறியது முன் மேசைக் கிழங்குதான். குழியில் இருந்த சிவப்பு கிழங்கின் சுவர் வழியே கசிந்து தட்டு நீரில் கலந்தது. கொஞ்ச நேரத்தில் தட்டு முழுக்க இளஞ்சிவப்பு; குழியில் மட்டம் ஊசிக்குக் கீழே இறங்கிவிட்டது. தடுக்கச் சவ்வு இல்லாததால் உள்ளே இருந்தது தன் இஷ்டத்துக்கு வெளியே போய்விட்டது. அதற்குப் பிறகு பின்வரிசையிலிருந்து ஒருத்தி மெதுவாக "மிஸ்" என்றாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். ஊசி பாதி முழுகியிருந்தது. அடுத்த மேசையிலும் அப்படியே. பத்மாவதியின் காயில் ஊசி கண்ணுக்கே தெரியவில்லை, சிவப்பு அதன் மேலே நின்றது. தட்டு நீர் தெளிவாக அப்படியே இருந்தது. நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தேர்வு நடக்கும்போது ஆசிரியை உட்காரக் கூடாது என்பதெல்லாம் நினைவில் இல்லை.

தேர்வாளர் ஒவ்வொருவராக வாய்மொழிக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். பத்மாவதியிடம் வந்ததும் முன் மேசைக் கிழங்கைக் காட்டி, அது ஏன் ஏறவில்லை என்று கேட்டார்.

"வெந்துடுச்சு சார். உயிர் போயிடுச்சு. சவ்வு வேல செய்யாது."

"அப்ப உன் காய்ல உயிர் இருக்கா?"

"இருக்குது சார். இல்லன்னா ஏறியிருக்காது."

"கெழங்குலயும் உயிர், காய்லயும் உயிர். கெழங்க வெட்ட மாட்டேன்ற, காய வெட்டுற. என்ன வித்தியாசம்?"

இது புத்தகத்தில் இல்லாத கேள்வி. நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"காயப் பறிச்சா மரம் நிக்குது சார். கெழங்கத் தோண்டுனா செடியே இருக்காது. கெழங்குல எண்ண முடியாத உயிர் இருக்குதுன்னு மடத்துல சொல்வாங்க" என்றாள்.

"சவ்வுக்கு அதெல்லாம் தெரியாதேம்மா. தண்ணி ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் போகுது."

"சவ்வுக்குத் தெரியாது சார். எனக்குத் தெரியும்."

துடுக்காகச் சொல்லவில்லை. கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். தேர்வாளர் அவளையே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து மார்க் தாளில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை, பார்க்கத்தான் ஆசை. அடுத்த பெண்ணிடம் போய்விட்டார்.

எல்லாம் முடிந்ததும் அவர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, இப்போது காபி குடிக்கலாம் என்றார். தான் செய்த காரியம் அதற்குள் புரிந்துபோய், பாவம், கண்ணம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையற்கூட வாசலில் நின்றார். தேர்வாளர் காபியோடு கிழங்கும் ஒன்று கொண்டுவரச் சொன்னார். மிளகும் உப்பும் தூவி வந்தது. தின்றுவிட்டு, பதமாகத்தான் வெந்திருக்கிறது என்றார். நானும் தின்றேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. அப்படி ஒரு ருசியான உருளைக்கிழங்கை நான் அதற்குப் பிறகு தின்றதில்லை. பத்மாவதி பப்பாளிப்பால் ஒட்டிய விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தன் டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

கிளம்பும்போது அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். காலையில் தான் மறுத்தது விதிப்படி சரி என்றும், கண்ணம்மா மட்டும் கிழங்கை வேக வைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்குப் பூஜ்யம் போட்டுவிட்டுப் போயிருப்பேன் என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்திலும் நிம்மதிதான் தெரிந்தது. தப்பித்தது நாங்கள் மட்டும் இல்லை என்று அப்போது எனக்குப் பட்டது.

ரிசல்ட் வந்த அன்று பத்மாவதியின் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். செய்முறையில் முழு மார்க். நர்சிங்கில் இடமும் பிறகு கிடைத்தது. "அவ நோம்பும் நின்னுச்சு, மார்க்கும் வந்துச்சு டீச்சர்" என்று சொல்லிவிட்டு மனிதர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து ஓய்வு பெறும்வரை என் ஆய்வகத்தில் ஒரு பழக்கம் நிலைத்துவிட்டது. உருளைக்கிழங்கு ஒன்று, பப்பாளிக்காய் ஒன்று, அவித்த கிழங்கு ஒன்று. யார் எதை வெட்டுவது என்பது அவரவர் விருப்பம். விரவலுக்கும் சவ்வூடு பரவலுக்கும் என்ன வித்தியாசம் என்று அதற்குப் பிறகு நான் வாயால் விளக்க வேண்டியிருக்கவில்லை. கலங்கிய தட்டும் தெளிந்த தட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

நேற்று கவிதாவை நானே கூப்பிட்டேன். வீடியோ நல்லதுதான், போட்டுக் காட்டு என்றேன். ஆனால் வீடியோவில் நீர் எப்போதும் ஏறிவிடும். ஏறுமோ ஏறாதோ என்று ஊசியையே பார்த்துக்கொண்டு நிற்பது அதில் கிடையாது. அப்படி நின்ற பிள்ளைதான், ஊசி முழுகும்போது விடுகிற மூச்சை ஆயுசுக்கும் மறக்காது. ஆகவே வெட்டச் சொல், ஊற்றச் சொல், காத்திருக்கச் சொல் என்றேன். கிழங்கு வேண்டாம் என்கிற பிள்ளை இருந்தால் பப்பாளியைக் கொடு என்றும் சொன்னேன். சைக்கிள் ஷெட் பக்கத்தில் இப்போதும் ஒரு மரம் இருக்கிறதாம்.

சரி மிஸ் என்றாள். மனம் மாறிவிட்டது என்பது குரலிலேயே தெரிந்தது. உடனே வேலையில் இறங்கிவிட்டாள், நல்ல பெண். திங்கட்கிழமையே வைத்துவிடுகிறேன், முந்தைய நாள் கிழங்கை வாங்கி எங்கே வைப்பது, ஜன்னலுக்கு இன்னும் கண்ணாடி வரவில்லை என்று கேட்டாள்.

"உன் தலமாட்டுல வெச்சிக்கினு தூங்கு. சத்துணவுக் கூடத்துல மட்டும் வெக்காத" என்றேன்.